பப்பாளி இலையும் பிளேட்லெட் கவுண்ட்டும்: லேப் ஜன்னல்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீசியன். ஐப்பசி கார்த்திகை வந்துட்டா டெங்கு சீசன், ரிப்போர்ட் குடுக்குற ஜன்னல்ல கூட்டம் நிக்கும், பேப்பர கைல வாங்குறதுக்கு முன்னாடியே "கவுண்ட் எவ்ளோ" தான் முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி பப்பாளி இலை. மஞ்சப்பைல இலையோடயே வந்து "இத எப்ப குடுக்கணும்"னு கேட்டவங்க உண்டு. நான் டாக்டர் இல்ல, மருந்து எழுதித்தர மாட்டேன். ஆனா ஒரே சந்தேகத்துக்கு நூறு தடவ பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரு எடத்துல எழுதி வெச்சிருக்கேன். கேள்விங்க எல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு.

பிளேட்லெட்னா என்ன சார், எவ்ளோ இருக்கணும்?

ரத்தத்துல ஓடுற குட்டி குட்டி துணுக்குங்க, தமிழ்ல தட்டணுன்னு சொல்வாங்க. எங்கயாவது வெட்டு பட்டா முதல்ல ஓடிவந்து அடைக்கிறது இதுங்கதான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் இருந்தா நார்மல். எலும்பு மஜ்ஜைல மெகாகேரியோசைட்னு ஒரு பெரிய செல் இருக்கு, அதோட ஓரம்லாம் பிஞ்சு பிஞ்சு வர்றதுதான் பிளேட்லெட். ஒவ்வொண்ணும் 7ல இருந்து 10 நாள்தான் உயிரோட இருக்கும், அதனால உடம்பு தினமும் புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கணும்.

டெங்கு வந்தா ஏன் கொறையுது? தானா ஏறுமா?

ரெண்டு பக்கமும் அடி. வைரஸ் மஜ்ஜைல உற்பத்திய மந்தமாக்கிடும், வெளிய ஓடிக்கிட்டு இருக்குறதையும் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிக்கும். அதனாலதான் காய்ச்சல் வந்து 3, 4 நாள்ல கவுண்ட் சரசரன்னு எறங்குது.

தானா ஏறுமான்னா, பெரும்பாலான பேருக்கு ஏறும். காய்ச்சல் விட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு, அதாவது சுமாரா 6, 7ஆம் நாள் வாக்குல திரும்ப ஆரம்பிச்சு, பல பேருக்கு ரொம்ப வேகமா ஏறும். லேப்ல இருக்குறதால ஒரு விஷயம் சொல்றேன், முதல்ல வெள்ளணு கவுண்ட் ஏற ஆரம்பிக்கும், அதுக்கு அப்புறம்தான் பிளேட்லெட். 2,100ல கெடந்த வெள்ளணு 3,400 ஆயிருச்சுன்னா நாளைக்கு பிளேட்லெட்டும் திரும்பும்னு நாங்க உள்ளுக்குள்ள பேசிக்குவோம். இந்த 6, 7ஆம் நாள் கணக்க மனசுல வெச்சுக்கோங்க, கீழ எல்லா பதிலுக்கும் அது வேணும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, பப்பாளி இலை சாறு குடிச்சா ஏறுமா ஏறாதா?

கொஞ்சம் சீக்கிரம் ஏற வைக்கலாம்னு காட்டுற சின்ன சின்ன ஆய்வுங்க இருக்கு. உயிர காப்பாத்துதுன்னோ, ஆபத்தான நிலைமைக்கு போகாம தடுக்குதுன்னோ காட்டுற ஆய்வு இல்ல. இது ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறதுதான் மொத்த விஷயமே.

எங்க தெருப் பையனுக்கு சாறு குடுத்த மறுநாளே டபுளாச்சே, நாங்க கண்ணால பாத்தோமே?

நானும் பாத்தேன், நான்தான் அந்த ரிப்போர்ட்டே போட்டேன். அந்த மாதிரி ஒரு பையன், செவ்வாய்க்கிழம காலைல 38,000. வீட்ல எல்லாரும் அழுகை. சாயங்காலம் ரெண்டு சங்கு சாறு குடுத்தாங்க, புதன்கிழம 61,000. அன்னைக்கே அந்த தெருல இருந்த பப்பாளி மரத்த மொட்டையாக்கிட்டாங்க, பாவம் வெறும் தடியா நின்னுச்சு. ஆனா அதே வார்டுல அடுத்த கட்டில்ல ஒரு அம்மா, அவங்களுக்கு குமட்டல் அதிகம், ஒண்ணுமே குடிக்க முடியல, சாறும் குடிக்கல, செவ்வாய் 35,000 புதன் 66,000. ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து அது 7ஆம் நாள்.

வீட்ல என்னைக்கு பதறிப்போய் சாறு தேடுறாங்க? கவுண்ட் அடிமட்டத்துக்கு போன அன்னைக்குத்தான். அடிமட்டத்துக்கு அடுத்தது ஏத்தம்தானே. அன்னைக்கு வெறும் ரசம் குடுத்திருந்தாலும் ரசம்தான் ஏத்துச்சுன்னு சொல்லியிருப்போம். அதனால குடிச்சவருக்கு ஏறுச்சாங்கறது ஒரு கேள்வியே இல்ல, அதே நாள் கணக்குல குடிக்காதவருக்கு எவ்ளோ ஏறுச்சுன்னு பக்கத்துல வெச்சு பாக்கணும்.

அப்ப அப்படி பக்கத்துல வெச்சு யாருமே பாக்கலையா?

பாத்திருக்காங்க. ஆரம்பத்துல 2011ல பாகிஸ்தான்ல ஒரே ஒரு நோயாளிய பத்தி எழுதுன அறிக்கைதான், 45 வயசுக்காரர், 5 நாள் சாறு குடிச்சாரு, கவுண்ட் 55,000ல இருந்து 1,68,000 ஆச்சு. அது மேல சொன்ன தெருப் பையன் கதைதான், என்ன, பத்திரிகைல வந்துருச்சு. 2013ல மலேசியால 228 பேர வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பாதி பேருக்கு 50 கிராம் இலை சாறு தினம் ஒருதடவ 3 நாள், மீதி பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், 8 மணி நேரத்துக்கு ஒருதடவ ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சாறு குடிச்ச கூட்டத்துக்கு சுமாரா 40 மணி நேரத்துக்கு மேல கவுண்ட் நல்லா ஏறியிருந்துச்சு. ஆனா யாரு குடிக்கிறாங்க யாரு குடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும், டம்மி, அதாவது பாக்க மருந்து மாதிரியே இருந்து உள்ள மருந்து இல்லாதது, கிடையாது.

2016ல நம்ம நாட்ல 300 பேர வெச்சு, இலை எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை 1,100 மில்லிகிராம், தினம் 3 வேள 5 நாள், டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு பண்ணாங்க, அதுலயும் மாத்திரை போட்டவங்களுக்கு கவுண்ட் கூட ஏறுச்சு. எனக்கு புடிச்சது 2020ல வந்த கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரி ஆய்வு. 30,000மும் அதுக்கு கீழயும் கவுண்ட் இருந்த 51 பெரியவங்க, யாருக்கு நெசம் யாருக்கு டம்மின்னு நோயாளிக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. 50,000த்த தொடுறதுக்கு மருந்து எடுத்தவங்களுக்கு நடுவாந்தரமா 2 நாள், டம்மி எடுத்தவங்களுக்கு 3 நாள். கவனிச்சீங்களா, டம்மிக்கும் 3 நாள்ல ஏறிருச்சு. வித்தியாசம் ஒரு நாள். அந்த ஒரு நாள் சும்மா இல்லதான், ஆனா நம்ம வாட்சப்ல சுத்துற கதைக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

அதான் ஏறுதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் ஏன் டாக்டருங்க இழுக்குறாங்க?

டெங்குல ஆள கொல்றது பெரும்பாலும் கவுண்ட் இல்ல, கசிவு. சின்ன ரத்தக்குழாய்ல இருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட தண்ணி பாகம், வெளிய கசிஞ்சு நெஞ்சுலயும் வயித்துலயும் தேங்கும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் எறங்கும், ஷாக். பெரும்பாலும் காய்ச்சல் விடுற சமயத்துல, 3ல இருந்து 7ஆம் நாளுக்குள்ள, ஒரு 24 லேந்து 48 மணி நேரம்தான் அந்த ஆபத்து. காய்ச்சல் விட்டுருச்சுன்னு வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்குற நேரமும் அதேதான், அதான் கொடுமை.

ரிப்போர்ட்ல பிளேட்லெட்டுக்கு மேல பிசிவின்னு ஒரு வரி இருக்கும், ஹெமட்டோகிரிட்னும் போட்டிருப்பாங்க, ரத்தம் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு காட்டுறது அது. யாருமே அத பாக்குறதில்ல. நேத்து 38 இருந்தது இன்னைக்கு 46 ஆச்சுன்னா 20 சதவீதத்துக்கு மேல கெட்டியாயிருச்சுன்னு அர்த்தம், கசிவு நடக்குது, டாக்டர் சலைன் வேகத்த மாத்துவாரு. பப்பாளி இலை இந்த கசிவ கொறைக்குதான்னு, ஷாக்குக்கு போறவங்க எண்ணிக்க கொறையுதான்னு, அந்த ஆய்வுங்க பதில் சொல்ற அளவுக்கு பெருசா இல்ல. 2019ல இலங்கை ஆராய்ச்சியாளருங்க அதுவரைக்கும் வந்த 9 ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, எல்லாம் கவுண்ட்டயே அளந்திருக்கு, சாவு பத்தின விவரம் ரொம்ப கம்மின்னு சொல்லிட்டாங்க.

கவுண்ட் ஏறுனா ரத்தப்போக்கு கொறையும்தானே, இதுக்கு தனியா ஆய்வு வேற வேணுமா?

அப்படித்தான் நானும் நெனச்சேன். இத நேரா சோதிச்சுப் பாத்த ஆய்வு ஒண்ணு இருக்கு, பப்பாளி இல்ல, பிளேட்லெட்டயே பையில ஏத்தி. சிங்கப்பூர்லயும் மலேசியாலயும் 372 பேரு, எல்லாருக்கும் கவுண்ட் 20,000மோ அதுக்கு கீழயோ, ஆனா ரத்தப்போக்கு பெருசா இல்லாதவங்க. பாதி பேருக்கு பிளேட்லெட் ஏத்துனாங்க, பாதி பேருக்கு ஏத்தல. 2017ல முடிவு வந்துச்சு. ஒரு வாரத்துல ரத்தப்போக்கு வந்தது ஏத்துனவங்கள்ல 21 சதவீதம், ஏத்தாதவங்கள்ல 26 சதவீதம், அந்த எண்ணிக்கைக்கு அது வித்தியாசம்னே சொல்ல முடியாது. பக்கவிளைவு ஏத்துனவங்களுக்குத்தான் அதிகம்.

பிளேட்லெட்ட நேராவே ஊத்தியும் பலன் தெரியலன்னா, இலைல அத கொஞ்சம் ஏத்துறதால மட்டும் பெரிய பலன் வரும்னு எப்படி அடிச்சு சொல்றது? கவுண்டுங்கறது வண்டில இருக்குற பெட்ரோல் முள்ளு மாதிரி, முள்ள மட்டும் கைல தள்ளி வெச்சா வண்டி ஓடாது.

எங்க அப்பாவுக்கு 18,000, ஆனா டாக்டர் பிளேட்லெட்டே ஏத்த மாட்டேங்குறாரு, அலட்சியமா?

மேல சொன்ன 372 பேர் ஆய்வ படிச்சவரா இருப்பாரு. ரத்தம் வரலன்னா, பொதுவா 10,000த்துக்கு கீழ போனாத்தான் முன்னெச்சரிக்கையா ஏத்துறத பத்தி யோசிப்பாங்க. ஆனா பல் ஈறுல ரத்தம், கறுப்பா மலம், விடாத வாந்தி, வயித்து வலி, ஆளு மந்தமா கெடக்குறது, இதுல ஏதாவது இருந்தா கவுண்ட் 80,000 இருந்தாலும் ஓடிப்போய் சொல்லுங்க. நம்பர் நல்லாருக்கேன்னு உக்காந்துடாதீங்க.

நேத்து அந்த லேப்ல 42,000, இன்னைக்கு உங்க லேப்ல 58,000. சாறு வேல செய்யுதுதானே?

செய்யலாம், மெஷினும் செய்யலாம். கவுண்ட் கொறச்சலா இருக்கும்போது மெஷினுக்கு மெஷின் நல்லாவே மாறும். இன்னொண்ணு, ஊதா மூடி டியூப்ல ஈடிடிஏன்னு ஒரு பொருள் இருக்கும், சில பேரு ரத்தத்துல அது பிளேட்லெட்ட கொத்து கொத்தா ஒட்ட வெச்சிரும், மெஷின் கொத்த எண்ணாது, கவுண்ட் பொய்யா கொறச்சலா காட்டும். ஊசி குத்தி ரொம்ப நேரம் தடவி தடவி எடுத்தாலும் கட்டி விழுந்து அதே கததான். சந்தேகம் வந்தா நாங்க கண்ணாடி சில்லுல ஒரு சொட்டு இழுத்து மைக்ராஸ்கோப்ல பாப்போம். நல்ல ஆய்வுல எல்லாருக்கும் ஒரே லேப், ஒரே மாதிரி மெஷின்னு வெக்கிறது இதுக்குத்தான். நீங்களும் முடிஞ்சவரைக்கும் ஒரே லேப்ல பாருங்க, எங்க லேப்தான்னு சொல்லல.

சாறும் மெடிக்கல்ல விக்கிற மாத்திரையும் ஒண்ணுதானே?

இல்ல. உங்க வீட்டு மரத்து இலை கொழுந்தா முத்தலா, மழ காலமா வெயிலா, எந்த மண்ணு, இத பொறுத்து உள்ள இருக்குற சரக்கே மாறும். கார்பைன்னு ஒரு கசப்பான ஆல்கலாய்டும் இன்னும் சில பொருளுங்களும்தான் வேல செய்யுதுன்னு நெனக்கிறாங்க. வீட்டு சாறுல அது எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ஒருத்தர் 2 இலை ஒருத்தர் 10 இலை. மாத்திரைல குறைஞ்சபட்சம் மில்லிகிராம் கணக்காவது இருக்கு.

ஆய்வு பண்றவங்களுக்கும் இது தலைவலி. சாறோட கசப்புக்கு டம்மி சாறு செய்யவே முடியாது, ஒரு வாய் வெச்சா தெரிஞ்சுரும். மாத்திரையா ஆக்குன பிறகுதான் டம்மியோட ஒப்பிட முடிஞ்சுது.

லைசென்ஸ் வாங்கித்தானே விக்கிறாங்க? அப்ப நிரூபிச்சாச்சுதானே?

லைசென்ஸ்ல வழி வேற வேற. ஆயுர்வேத, சித்த தயாரிப்புன்னு வாங்குற லைசென்ஸுக்கு, புது இங்கிலீஷ் மருந்துக்கு கேக்குற மாதிரி ஆயிரக்கணக்கான பேர வெச்சு மூணாம் கட்ட சோதனையெல்லாம் கேக்குறதில்ல. 2015 நவம்பர்ல மத்திய அரசு நடுவுல இன்னொரு வழி கொண்டு வந்துச்சு, செடில இருந்து சுத்தப்படுத்தி எடுத்த மருந்து, அதுல குறைஞ்சது 4 பொருள் இவ்ளோ இவ்ளோ இருக்குன்னு அளந்து காட்டணும், அப்புறம் இங்கிலீஷ் மருந்து மாதிரியே கட்டம் கட்டமா சோதனை. நம்ம ஊர் வேலியில படருற கட்டுக்கொடி இருக்குல்ல, அதுல இருந்து எடுத்த ஒரு மருந்த இந்த வழிலதான் டெங்குக்குன்னு உருவாக்க ஆரம்பிச்சாங்க, 2020ல கொரோனாவுக்கும் சோதிச்சுப் பாத்தாங்க. இந்த வழி கஷ்டம், செலவு, ஆனா செடி மருந்துக்கு மரியாத குடுக்குற வழி இதுதான்னு நான் நெனக்கிறேன்.

இயற்கை தானே, குடிச்சு வெச்சா என்ன கெட்டுப்போச்சு?

ஆய்வுங்கள்ல பெரிய ஆபத்து ஏதும் வரல, அத ஒத்துக்கணும். குமட்டல், வாந்தி, சில பேருக்கு தோல்ல தடிப்பு, அவ்ளோதான். ஆனா டெங்குல வாந்திதான் எச்சரிக்க மணி. கசப்பு சாற குழந்தைக்கு மூக்க புடிச்சு ஊத்துறோம், அது வாந்தி எடுக்குது, இது சாறால வந்ததா இல்ல நோய் முத்துதான்னு டாக்டருக்கே குழப்பம். உள்ள போக வேண்டிய தண்ணியும் வெளிய வந்துருது.

ரப்பர் கையுறை அலர்ஜி இருக்குறவங்களுக்கு பப்பாளியும் ஒத்துக்காம போகலாம். கர்ப்பிணிங்க வேணவே வேணாம். சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடக்கூடாது. அப்புறம் சாறு குடுக்குறோம்ல, அதனால உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஐயா சாமி, டெங்கு சந்தேகம் இருந்தா ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

நெசமாவே நோயாளிக்கு டம்மி மாத்திரை குடுக்குறாங்களா? பாவம் இல்லையா?

டம்மி மட்டும் குடுத்து விட்டுட மாட்டாங்க. சலைன், பாராசிட்டமால், 24 மணி நேர கவனிப்பு எல்லாம் ரெண்டு கூட்டத்துக்கும் உண்டு. அதுக்கு மேல ஒருத்தருக்கு இலை மாத்திரை, இன்னொருத்தருக்கு டம்மி, யாருக்கு எதுன்னு குலுக்கல் மாதிரி முடிவாகும். கையெழுத்து வாங்கித்தான் சேப்பாங்க, எப்ப வேணா வெலகிக்கலாம். இது இல்லன்னா நாம எல்லாரும் அந்த மொட்ட மரத்த சுத்தியே நின்னுக்கிட்டு இருப்போம்.

எங்க அத்தைக்கு ஐடிபி, மாமாவுக்கு கீமோவால கவுண்ட் கம்மி. அவங்களுக்கும் குடுக்கலாமா?

கவுண்ட் கொறையறது ஒரு நோய் இல்ல, ஒரு அடையாளம். டெங்குல ஒரு வாரத்துல தானா திரும்புது. ஐடிபில உடம்பே மாசக்கணக்கா வருஷக்கணக்கா பிளேட்லெட்ட அழிச்சுக்கிட்டு இருக்கும், லிவர் கெட்டவங்களுக்கு மண்ணீரல் வீங்கி அங்க போய் மாட்டிக்கும், கீமோல மஜ்ஜையே அடிவாங்கியிருக்கும், பி12 கொறஞ்சாலும் எறங்கும், சில சமயம் ரத்தப்புத்துநோயோட முதல் அடையாளமே இதுதான். டெங்குல கெடச்ச முடிவ தூக்கிட்டுப்போய் இங்கல்லாம் வெக்க முடியாது. ஐடிபிக்கு எல்ட்ரோம்போபேக், ரோமிப்ளோஸ்டிம்னு மருந்துங்க இருக்கு, 2008லயே அமெரிக்கால அனுமதி கெடச்சது, டம்மியோட ஒப்பிட்டு சோதிச்சுத்தான் வந்துச்சு. சாறு குடிச்சுக்கிட்டே காரணத்த கண்டுபுடிக்காம 3 மாசம் ஓட்டுனவங்கள பாத்திருக்கேன், அதான் பயம்.

நிலவேம்பு கஷாயமும் கவுண்ட் ஏத்துமா?

அது வேற சமாச்சாரம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு 9 சரக்கு சேந்த காய்ச்சல் கஷாயம் அது. 2012ல திருநெல்வேலி பக்கம்லாம் டெங்கு ஆட்டிப்படைச்சப்ப அரசாங்கமே நிலவேம்பு குடிநீர குடுத்துச்சு, கூடவே பப்பாளி இலை சாறும் மலைவேம்பு இலை சாறும் குடிக்கச் சொன்னாங்க, அதுல இருந்து நம்ம சனங்க மூணையும் ஒண்ணாவே சேத்து பேசுது. பிளேட்லெட்டுக்குன்னு மேல சொன்ன மாதிரி ஒப்பிட்டு பாத்த ஆய்வுங்க பப்பாளிக்குத்தான்.

வாட்சப்ல "ஆய்வில் நிரூபணம்"னு வருது. நம்பலாமா வேணாமான்னு நாங்க எப்படி கண்டுபுடிக்கிறது?

முதல்ல ஒப்பிட ஆள் இருந்தாங்களான்னு பாருங்க. இருந்தா, ரெண்டு கூட்டமும் காய்ச்சலோட எத்தனாவது நாள்ல சேந்தாங்க? ஒரு கூட்டம் 3ஆம் நாள், இன்னொண்ணு 5ஆம் நாள்னா, ரெண்டாவது கூட்டம் எத குடிச்சாலும் ஜெயிச்சிரும், நான் மேல மனசுல வெச்சுக்கோங்கன்னு சொன்ன கணக்குதான். டெங்குன்னு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணவங்களா, இல்ல சும்மா காய்ச்சலோட கவுண்ட் கம்மியா இருந்தவங்களா? எத அளக்கப்போறோம்னு முன்னாடியே பதிவு பண்ணாங்களா? நம்ம நாட்ல 2009 ஜூன் 15ல இருந்து, மருந்து சோதனைங்கள பதியுறதுக்குன்னே இருக்குற சிடிஆர்ஐ பதிவேட்டுல முன்கூட்டி பதியணும், யார் வேணா போய் தேடிப் பாக்கலாம். முடிவு வந்த பிறகு நல்லா வந்தத மட்டும் எடுத்து காட்டக்கூடாது பாருங்க.

கடைசியா எத்தன பேரு? ஒழுங்கா கவனிச்சா டெங்குல சாவு 100க்கு ஒண்ணுக்கும் கம்மி. அந்த ஒண்ண பாதியாக்குதுன்னு காட்டணும்னா 51 பேரோ 300 பேரோ பத்தாது, ஆயிரக்கணக்குல வேணும். அவ்ளோ பெருசா இன்னும் யாரும் பண்ணல. வெவசாயி வீட்டு இலைக்கு பேட்டன்ட் கெடைக்காது, எந்த கம்பெனி அவ்ளோ காசு போடும்னு ஒரு டாக்டர் சொன்னாரு, எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

சரி, உங்க வீட்ல வந்தா குடுப்பீங்களா மாட்டீங்களா?

வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி மச்சானுக்கு. நான் டூட்டில இருக்கேன், அக்கா போன் பண்ணி "சாறு அரைச்சு வெச்சுட்டேன், குடுக்கட்டுமா வேணாமா, நீ லேப்ல தானே இருக்க சொல்லு"ன்னு ஒரே சத்தம். குடுன்னும் சொல்லல வேணாம்னும் சொல்லல. கடைசியா எப்ப ஒண்ணுக்கு போனாருன்னு கேட்டேன். காலைல போனதுதான்னா. மணி அப்ப மத்தியானம் ரெண்டு. சாற மூடி வெச்சுட்டு ஆட்டோ புடிச்சு வான்னேன். வந்தப்ப பிளேட்லெட் 74,000, அப்படி ஒண்ணும் மோசம் இல்ல, பிசிவி 51. உடனே அட்மிட், சலைன், 3 நாள் கழிச்சு வீடு.

டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு சாயங்காலம் அக்கா அந்த சாற குடுத்துட்டா. மறுநாள் 1,40,000. இன்னமும் சொந்தக்காரங்ககிட்ட போன்ல பப்பாளி கததான் சொல்லிக்கிட்டு இருக்கா.